ஒரு சனிக்கிழமை கோல்ஃப்: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் என்ன கிடைக்கும்?

#1 விசில்_வாத்தியார்

வணக்கம். நான் உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பகுதியில் உள்ள கோல்ஃப் கிளப் ஒன்று சமூகப் பணித் திட்டம் என்று ஏதோ வைத்திருக்கிறது. அதன்படி ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காலையில் அழைத்துப்போய் கோல்ஃப் அறிமுகம் செய்கிறார்களாம். மட்டை, பந்து, பயிற்சியாளர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தலைமையாசிரியர் சரி சொல்லிவிட்டார். தேதி குறிப்பது மட்டும்தான் பாக்கி.

என் தயக்கம் வேறு. முன்பு இன்னொரு விளையாட்டுக்கு இப்படித்தான் ஒரு அறிமுக முகாம் நடந்தது. பதாகை, தொப்பி, குழுப்படம், சிறப்பு விருந்தினர் உரை எதற்கும் குறைவில்லை. திங்கட்கிழமை சில பையன்கள் வந்து, "சார், அடுத்த வாரம் எப்போ போறோம்?" என்று கேட்டார்கள். அழைத்த அமைப்பு அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆசை காட்டிவிட்டு வாசலைச் சாத்தியது போல ஆகிவிட்டது.

எனக்குக் கோல்ஃப் தெரியாது. மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஒரு நாள் நிகழ்ச்சியால் உருப்படியாக ஏதாவது நடக்குமா, சரி சொல்வதற்கு முன்னால் கிளப்பிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 வெட்டிப்பேச்சு

சார், கோபிக்காதீர்கள். உங்கள் பள்ளியில் ஓடுவதற்கு நல்ல ஷூ இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கொண்டுபோய் ஏக்கர் கணக்கில் புல் வளர்த்து வைத்திருக்கும் இடத்தில் நிறுத்தி, "பார்த்தீர்களா, இதுதான் கோல்ஃப்" என்று காட்டுவதில் என்ன பயன்? கிளப்பின் ஆண்டறிக்கைக்கு ஒரு படம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமையில் கைப்பந்து வலையாவது மாற்றிக் கட்டலாம்.

#3 பதினெட்டாம்குழி

வாத்தியார் சார், நான் ஒரு கிளப்பில் இப்படிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் குழுவில் இருக்கிறேன். வெட்டிப்பேச்சு சொல்வதில் பாதி உண்மை. பெரும்பாலான அறிமுக நாட்கள் படத்துக்காகவே நடக்கின்றன. ஆனால் கெட்டுப்போவது விளையாட்டால் அல்ல, நாளைத் திட்டமிடும் விதத்தால்தான்.

வழக்கமாக என்ன செய்வார்கள் தெரியுமா? பிள்ளைகளை நேராக ரேஞ்சுக்கு (தூரம் அடித்துப் பழகும் இடம்) கூட்டிப்போய், இருப்பதிலேயே நீளமான மட்டையான டிரைவரைக் கையில் கொடுத்து, "அடி பார்க்கலாம்" என்பார்கள். பதினைந்து வயதுப் பையன் முழு வேகத்தில் சுழற்றுவான். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். பின்னால் நிற்கும் கூட்டம் சிரிக்கும். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அவன் வேண்டுமென்றே கோமாளித்தனம் பண்ணுவான், ஏனென்றால் தோற்பதைவிட அது மேல். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் குறைவு. உயர்நிலைப் பள்ளி வயதில் இதுதான் பெரிய சிக்கல்.

அதனால் குழியிலிருந்து பின்னோக்கித் தொடங்கச் சொல்லுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஒரே அளவு. அதிலிருந்து ஓர் அடி தூரத்தில் பந்தை வைத்து உருட்டி உள்ளே விடச் சொல்லுங்கள். எல்லோரும் போட்டுவிடுவார்கள். பந்து குழிக்குள் விழும் 'களுக்' சத்தத்தை நாற்பது பேரும் முதல் பத்து நிமிடத்தில் கேட்டாக வேண்டும். அப்புறம் மூன்றடி, ஆறடி என்று தள்ளிப் போகலாம். ஆறடிக்கு வந்ததும் தானாகப் பந்தயம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள், நாம் ஊக்கப்படுத்தவே வேண்டாம்.

அதற்கப்புறம் சிப்பிங். சின்ன ஊஞ்சல் அசைவுதான், பந்தை லேசாகத் தூக்கித் தரையில் கிடக்கும் வளையத்துக்குள் போட வேண்டும். முழுச் சுழற்சி கடைசியில், அதுவும் டிரைவர் வேண்டாம், 7-ஆம் எண் அயர்ன் என்ற இரும்பு மட்டை போதும். தண்டு குட்டை, முகம் சாய்ந்திருக்கும், அதனால் பந்து மேலே எழும்ப வாய்ப்பு அதிகம். பந்தை ஒரு சிறு டீ (பந்தைத் தாங்கத் தரையில் குத்தும் முளை) மேல் வைத்தே அடிக்கச் சொல்லுங்கள்.

கிளப்பிடம் கேட்க வேண்டியதைத் தனியாகச் சொல்கிறேன், அதுதான் முக்கியம்: அடுத்த நாள். பிடித்துப்போன நாலைந்து பேர் திரும்பி வர எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரைக் கேட்டு உள்ளே வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். சனிக்கிழமை நிகழ்ச்சிக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

#4 விசில்_வாத்தியார்

நன்றி சார். குழியிலிருந்து தொடங்குவது எனக்குத் தோன்றவே இல்லை. கிளப் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் முதல் ஒரு மணி நேரம் 'கோல்ஃபின் வரலாறும் நடத்தை நெறிகளும்' என்று ஓர் உரை இருக்கிறது. அதை என்ன செய்வது?

இன்னொன்று, பாதுகாப்பு. நாற்பது பேர், கையில் இரும்பு மட்டை. நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. வட்டு எறிதலுக்கே நான் கயிறு கட்டி நிறுத்துகிற ஆள்.

#5 கடைசிபெஞ்ச்

சார், நான் மாணவன்தான். அந்த உரையைத் தூக்கிவிடுங்கள், ப்ளீஸ்.

எங்கள் பள்ளியையும் இப்படி ஒரு கிளப் கூப்பிட்டது. வெயிலில் உட்காரவைத்து ஸ்காட்லாந்து, ஆட்டு மேய்ப்பர் என்று பேசினார்கள். எந்தச் சட்டை போடக் கூடாது, எங்கே சத்தம் போடக் கூடாது என்று வேறு ஒரு பட்டியல். பக்கத்தில் இருந்தவன் தூங்கியே விட்டான். கடைசியில் நேரம் இல்லை என்று ஆளுக்கு மூன்று பந்து. எனக்கு இரண்டு பந்து தரையிலேயே உருண்டது. மூன்றாவது எப்படிப் பட்டது என்றே தெரியவில்லை. கையில் அடித்த மாதிரியே இல்லை, வெறும் 'டக்'. தலையைத் தூக்கினால் பந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அதை இன்னொரு தரம் செய்ய வேண்டும் என்று இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இப்போதும் சும்மா இருக்கும்போது குடையை வைத்துச் சுழற்றிப் பார்ப்பேன். அவ்வளவுதான் என் கோல்ஃப்.

#6 பதினெட்டாம்குழி

கடைசிபெஞ்ச் தம்பி, அந்த 'டக்'குக்காகத்தான் பெரியவர்களே ஆயுள் முழுக்க இதில் கிடக்கிறார்கள். மட்டை முகத்தின் நடுவில் பட்டால் கைக்கு அதிர்வே வராது.

வாத்தியார் சார், உரையை ஐந்து நிமிடமாகக் குறைக்கச் சொல்லுங்கள். வரலாறு சொல்லியே ஆக வேண்டும் என்றால் பந்து உருளும்போதே சொல்லலாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் ஒரு காலத்தில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடினார்கள். 1764-இல் சில குழிகளை ஒன்றோடொன்று இணைத்து 18 ஆகக் குறைத்தார்கள். பிறகு மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். பதினெட்டில் புனிதமான கணக்கு எதுவும் இல்லை, அந்த இடத்தின் அமைப்பால் வந்த எண். இப்படி ஒன்று சொன்னால் போதும், பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். உங்கள் விசில் இங்கே நன்றாகப் பயன்படும். அடிப்பவர்கள் அனைவரும் ஒரே நேர்கோட்டில், ஒருவருக்கொருவர் குறைந்தது மூன்று நான்கு மீட்டர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் நன்றாகத் தள்ளி ஒரு கயிறு. காத்திருப்பவர் கயிற்றைத் தாண்டக் கூடாது, காத்திருப்பவர் கையில் மட்டையே இருக்கக் கூடாது. மட்டை அடிக்கும் இடத்திலேயே தரையில் கிடக்கும். ஆள்தான் மாற வேண்டும், மட்டை நடமாடக் கூடாது. விபத்துகள் பெரும்பாலும் அடிப்பவனால் நடப்பதில்லை. வரிசையில் நின்றபடி சும்மா ஒரு தரம் சுழற்றிப் பார்க்கிறானே, அவனால்தான் நடக்கின்றன. கடைசிபெஞ்ச் குடையைச் சுழற்றுகிற மாதிரி!

பந்து பக்கத்தில்தான் விழுந்தது, ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்று ஒருவன் கோட்டைத் தாண்டுவான். நிச்சயம் தாண்டுவான். ஒரு விசிலுக்கு எல்லோரும் மட்டையைக் கீழே வைக்க வேண்டும், அடுத்த விசிலுக்கு எல்லோரும் சேர்ந்து போய்ப் பொறுக்க வேண்டும். இதைப் பந்து இல்லாமல் முதலில் ஒத்திகை பாருங்கள். இடக்கைப் பிள்ளைகளை வரிசையின் ஒரு ஓரத்தில் சேர்த்து நிறுத்துங்கள், நடுவில் கலக்காதீர்கள். இடக்கை மட்டை எத்தனை இருக்கிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். பல கிளப்புகளில் ஒன்றுகூட இருக்காது, அந்தப் பிள்ளை வலக்கை மட்டையைத் திருப்பிப் பிடித்து அல்லாடும்.

முழுச் சுழற்சிக்கு உண்மையான பந்துகூடத் தேவையில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து இருக்கிறது, எவ்வளவு அடித்தாலும் தூரம் போகாது, மேலே பட்டாலும் ஒன்றும் ஆகாது. அது இருந்தால் உங்கள் பள்ளி மைதானமே போதும்.

#7 இயற்பியல்_டீச்சர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விளையாட்டில் ஆர்வமே இல்லாத பிள்ளைகளை இழுக்க அது ஒரு வழி.

பந்தின் மேல் இருக்கும் குழிவுகள் அலங்காரம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் குட்டா-பெர்ச்சா என்ற மரப்பாலால் ஆன வழவழப்பான பந்துகளை வைத்து ஆடியபோது, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகள் புதியவற்றைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அப்புறம்தான் வேண்டுமென்றே மேற்பரப்பில் கோடும் குழிவும் போட ஆரம்பித்தார்கள். காரணம் இதுதான்: குழிவுகள் பந்தை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கைக் கலக்கிவிடும். கலங்கிய அடுக்கு பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டே போவதால் பின்னால் உருவாகும் சுழல்வெளி சிறுத்துவிடும், இழுவிசை குறையும். அதோடு பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே பறப்பதால் மேல்நோக்கி ஒரு விசையும் கிடைக்கிறது. வழவழப்பான பந்தை அதே வேகத்தில் அடித்தால் ஏறக்குறைய பாதித் தூரம்தான் போகும்.

வகுப்பில் இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். கையில் பந்தைக் கொடுத்துவிட்டு, "இதில் ஏன் அம்மைத் தழும்பு?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

#8 வெட்டிப்பேச்சு

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பையனுக்குப் பிடித்துவிட்டது என்றே வையுங்கள். மட்டைக்கு எங்கே போவான்? திடலுக்குள் யார் விடுவார்கள்? ஓட்டப்பந்தயம் பிடித்தால் தெருவில் ஓடலாம். தண்ணீர் விவகாரம் வேறு இருக்கிறது.

#9 பைசுமந்தவன்

நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் அப்பா கேடியாக, அதாவது ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமப்பவராக இருந்தவர். நானும் பள்ளி விடுமுறையில் பை சுமந்திருக்கிறேன்.

வெட்டிப்பேச்சு அண்ணன் கேட்பது சரியான கேள்வி. ஆனால் "அது பணக்காரர் விளையாட்டு, நம் பிள்ளைகளுக்கு எதற்கு" என்பதை நான் வேலிக்கு இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் சொன்னாலும் வெளியே இருப்பவர்கள் சொன்னாலும் பிள்ளைக்கு விளைவு ஒன்றுதான்.

ஸ்பெயினின் செவே பாயெஸ்டரோஸ் பெட்ரேன்யா கடற்கரை மணலில் ஒரே ஒரு 3-ஆம் எண் அயர்னை வைத்துக்கொண்டு ஆடக் கற்றவர். அந்த ஒரு மட்டையால் உயரமாகவும் தாழ்வாகவும் வளைத்தும் அடிக்கப் பழகியதால்தான் எந்த இக்கட்டிலிருந்தும் பந்தை எடுக்கும் கை அவருக்கு வந்தது என்பார்கள். 1979-இல் பிரிட்டனின் பெரிய போட்டியான ஓப்பன் பட்டம் வென்றார். போர்ட்டோ ரிக்கோவின் சி சி ரொட்ரிகஸ் கொய்யா மரக் கிளையை மட்டையாகவும் நசுக்கிய தகர டப்பாவைப் பந்தாகவும் வைத்துத் தொடங்கியவர். பிறகு இளையோருக்காக ஓர் அறக்கட்டளையே நடத்தினார். இருவரும் கேடி வேலை பார்த்தவர்கள். எல்லாப் பிள்ளையும் செவே ஆகிவிடும் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வது ஏமாற்று. மட்டை ஒன்று இருந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும் என்றுதான் சொல்கிறேன். விதிப்படி பதினான்கு மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை.

வாத்தியார் சார், நீங்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளைகளை எந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள் என்று பாருங்கள். உறுப்பினர் வரும் வாசலா, சாமான் இறக்கும் வாசலா? கழிப்பறை எது, தண்ணீர் எங்கே குடிக்கச் சொல்கிறார்கள்? பிள்ளைகள் இதை நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடும்.

அப்புறம், அங்கே வேலை செய்கிற கேடிகளில் இரண்டு பேரையாவது பயிற்சியில் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சியாளர் ஒருவர் நாற்பது பேரைப் பார்க்க முடியாது. கேடிக்கு அந்தக் கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) ஒவ்வொரு சரிவும் தெரியும், பிள்ளைகளிடம் அவர்கள் மொழியில் பேசத் தெரியும். கூலி கொடுத்துத்தான், இலவச சேவையாக அல்ல.

#10 பதினெட்டாம்குழி

பைசுமந்தவன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கூடவே ஒரு செய்தி: அமெரிக்காவில் சிக் எவன்ஸ் என்ற ஆட்டக்காரர், தானும் சிறுவயதில் கேடியாக இருந்தவர், 1916-இல் யூ.எஸ். ஓப்பனையும் யூ.எஸ். அமெச்சூரையும் ஒரே ஆண்டில் வென்றார். தன் அமெச்சூர் (பணத்துக்காக ஆடாதவர்) தகுதி போகாமல் இருக்க, கோல்ஃபால் வந்த பணத்தைக் கேடிகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒதுக்கச் சொன்னார். 1930-இல் தொடங்கிய அந்த உதவித்தொகை இன்றும் நடக்கிறது. பந்து அடிக்கும் திறமைக்குத் தருவதில்லை. கேடி வேலை, படிப்பு, நடத்தை, குடும்பத் தேவை இவற்றைப் பார்த்துத் தருகிறார்கள்.

திடலுக்குள் விடுவதற்கும் மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் டீ என்ற அமைப்பு பள்ளி உடற்கல்வி வகுப்புக்குள்ளேயே பிளாஸ்டிக் மட்டையோடு நுழைந்தது, பிள்ளையைத் திடலுக்குக் கூட்டி வரும் வரை காத்திருக்கவில்லை. யூத் ஆன் கோர்ஸ் என்ற இன்னொரு அமைப்பு செய்வது இன்னும் எளிது: பிள்ளை மிகச் சிறிய கட்டணம் கொடுத்து ஆடும், திடலுக்கு உண்டான மீதியின் பெரும்பகுதியை அமைப்பு கொடுத்துவிடும். திடலுக்கும் நஷ்டம் இல்லை, கூட்டம் இல்லாத பிற்பகல் நேரம்தானே. உங்கள் கிளப் இதில் எதையும் அப்படியே செய்ய வேண்டாம். வார நாள் பிற்பகலில் பயிற்சி கிரீன் காலியாகக் கிடக்கும், அதைக் கேளுங்கள்.

#11 புல்தரை

தண்ணீர் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், திடல் பராமரிப்புதான் என் வேலை. கோல்ஃப் திடல் நிறையத் தண்ணீர் குடிக்கும், மறுக்க ஒன்றும் இல்லை. பல இடங்களில் இப்போது சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுகிறார்கள், ஆட்டத்துக்குத் தேவையில்லாத பகுதிகளில் புல்லையே எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்ற பாலைவன ஊரில் புல்லே இல்லாத திடல் இருக்கிறது. ஆடுபவர் ஒரு துண்டு செயற்கைப் புல்லைக் கையோடு எடுத்துப்போய் அதன் மேல் பந்தை வைத்து அடிப்பார்.

நான் வாத்தியாருக்குச் சொல்ல வந்தது வேறு. நாற்பதில் ஏழெட்டுப் பேருக்கு ஆட்டம் பிடிக்காது. அவர்களைக் காலை ஆறு மணிக்கு எங்கள் ஆட்கள் பின்னால் அனுப்புங்கள். கிரீன் புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறோம். எந்திரத்தின் கத்தி ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கிரீன் முழுக்கத் தழும்பு. குழியை அவ்வப்போது இடம் மாற்றுகிறோம்: உருளை வடிவ வெட்டுக்கருவியை இறக்கி மண்ணோடு புல்லை ஒரே துண்டாக எடுத்து, பழைய குழியில் பொருத்தி, மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்துவிடுவோம். சரியாகச் செய்தால் மறுநாள் எங்கே குழி இருந்தது என்று தேட வேண்டும். ஒரு பையனை இதைச் செய்யவிட்டுப் பாருங்கள், மட்டையைவிட இது பிடித்துவிடும். மண், பூஞ்சை, வடிகால், நீர்ப்பாசனக் குழாய், எந்திரப் பழுது என்று இதில் வேலைவாய்ப்பு இருக்கிறது. அதை யாரும் அறிமுக நாளில் காட்டுவதே இல்லை.

#12 வெட்டிப்பேச்சு

சரி, இது எனக்குப் புதிது. பராமரிப்பு வேலையைக் காட்டுவார்கள் என்றால் நானே என் தம்பி மகனை அனுப்புவேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

#13 இருமகள்_அம்மா

நாற்பது பேரில் எத்தனை பேர் பெண் பிள்ளைகள் என்று யாரும் கேட்கவில்லையே. நான் கேட்கிறேன்.

என் மூத்தவள் பள்ளியில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தது. பொதுவாக 'விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்' என்று அறிவித்தார்கள். விளையாட்டு அணிப் பையன்கள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டார்கள். பெண்கள் மூன்று பேர்தான், அதில் ஒருத்தி அங்கே போய் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். சார், பாதி இடத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டு அப்புறம் பெயர் கேளுங்கள். தோழிகள் நாலைந்து பேராக வரலாம் என்று சொல்லுங்கள், தனியாக ஒருத்தியும் வரமாட்டாள். பள்ளிச் சீருடையிலேயே வரலாமா, காலர் வைத்த சட்டைதான் வேண்டுமா என்று கிளப்பிடம் கேட்டுச் சொல்லுங்கள். சட்டைக்காகவே பெயர் கொடுக்காத பிள்ளைகள் உண்டு. ஒரு பெண் பயிற்சியாளர், முடியாவிட்டால் ஆடத் தெரிந்த ஒரு பெண் உறுப்பினராவது இருக்கட்டும். மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்டக் கையைத் தொட வேண்டியிருக்கும் இல்லையா?

1998-இல் கொரியாவின் பாக் சே-ரி யூ.எஸ். மகளிர் ஓப்பனில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி அடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அந்த நாட்டில் ஒரு தலைமுறைப் பெண் பிள்ளைகள் மட்டையைப் பிடித்தார்கள். அதில் ஒருத்தியான பார்க் இன்பீ 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். தன்னை மாதிரி ஒருத்தியைப் பார்த்தால்தான் இழுக்கும்.

#14 இயற்பியல்_டீச்சர்

அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்புத்திறன் குறைந்த பிள்ளை, ஓட முடியாத பிள்ளை என்று விளையாட்டு வகுப்பில் எப்போதும் ஓரமாக நிற்பவர்கள் இருப்பார்களே, அவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பந்து நகராமல் நிற்கும் விளையாட்டு இது, எதிராளி யாரும் மேலே வந்து விழப்போவதில்லை. இந்தியாவின் தீக்ஷா டாகர் கேட்புத்திறன் குறைபாட்டோடு, அதுவும் இடக்கை ஆட்டக்காரராக, காதுகேளாதோர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

#15 விசில்_வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கிளப் செயலாளரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உரையைக் குறைக்க உடனே ஒப்புக்கொண்டார், அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. சீருடையும் கேன்வாஸ் ஷூவும் போதும் என்றார். கேடிகளை ஊதியத்தோடு சேர்ப்பதைக் கேட்டதும் முதலில் நெளிந்தார், அப்புறம் இரண்டு பேருக்கு ஒப்புக்கொண்டார். பராமரிப்பு ஆட்களோடு அனுப்புவது பற்றிச் சொன்னபோது, "இதை யாரும் இதுவரை கேட்டதே இல்லை" என்று சிரித்தார்.

'அடுத்த நாள்' கேள்வியில்தான் சிக்கினோம். உறுப்பினர்கள் ஆட்சேபிப்பார்கள், காப்பீடு, பொறுப்பு யார் என்று ஒவ்வொன்றாக வந்தது. தேதியை இப்போது குறிக்க வேண்டாம், இது முடிவானதும் குறிக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அன்று மாலையே போன். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் பயிற்சி கிரீனும் சிப்பிங் பகுதியும், அதிகபட்சம் பன்னிரண்டு பேர், கூடவே நான் இருக்க வேண்டும், ஓர் ஆண்டுக்கு. எழுதித் தருகிறார்களாம். பெரிய திடலில் ஆடுவது பற்றி 'பிறகு பார்க்கலாம்'.

இன்னும் தீராதது போக்குவரத்து. சனிக்கிழமைக்கு அவர்கள் பஸ் உண்டு, புதன்கிழமைக்கு இல்லை.

#16 பதினெட்டாம்குழி

பிரமாதம் சார். தேதியைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசினீர்களே, அதுதான் விஷயம்.

பெரிய திடலில் ஆடும் நாள் வந்தால் ஆளுக்கு ஒரு பந்து என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரே குழிக்கு ஒருவன் பதினைந்து தடவை அடிப்பான், பின்னால் வரும் உறுப்பினர்கள் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள், அத்தோடு கதை முடிந்தது. நான்கு பேர் ஓர் அணியாக ஸ்கிராம்பிள் ஆடவிடுங்கள்: எல்லோரும் அடிக்க வேண்டும், நான்கில் நல்ல இடத்தில் கிடக்கும் பந்தைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அங்கிருந்து அடுத்ததை அடிக்க வேண்டும். தூரம் அடிக்கத் தெரியாத பெண் கடைசியில் எட்டடி உருட்டலைப் போட்டு அணியைக் காப்பாற்றுவாள். அதைப் பார்த்திருக்கிறேன், மற்ற மூவரும் அவளைத் தூக்காத குறை.

தனியாக ஆடப் பழகிய பிறகு ஸ்டேபிள்ஃபோர்டு முறை. பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் உண்டாக்கியது, 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் முதல் போட்டி. ஒவ்வொரு குழிக்கும் புள்ளி. ஒரு குழி சொதப்பினால் அதற்குப் பூஜ்யம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். மொத்தக் கணக்கு கெடாது. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹாண்டிகேப் (திறமைக்கேற்ற சலுகை) முறை வந்துவிட்டது, அதில் உச்சம் 54. அதாவது ஒவ்வொரு குழிக்கும் சராசரியாக மூன்று தடவை கூடுதலாக அடிக்கச் சலுகை. தொடக்க நிலைப் பிள்ளையும் நல்ல ஆட்டக்காரரோடு சரிசமமாகப் போட்டி போடலாம்.

போக்குவரத்துக்கு என் யோசனை: ஒரு புதன் அங்கே, ஒரு புதன் பள்ளியிலேயே. பழைய மட்டைகளை உறுப்பினர்களிடம் கேட்டு வாங்குங்கள். எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒரு பை தூங்கிக்கொண்டிருக்கும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர் மட்டையே போதும், தண்டை வெட்ட வேண்டாம். பிடி தேய்ந்து வழுக்கினால் மட்டும் மாற்றுங்கள், வழுக்கும் மட்டை கையைவிட்டுப் பறக்கும்.

#17 விசில்_வாத்தியார்

எங்கள் மைதானம் மண்தரை சார். பந்து உருளுமா? குழி எப்படிப் போடுவது?

#18 புல்தரை

உருளும். கல்லைப் பொறுக்கிவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்குங்கள். மேலே சலித்த மணலை மெல்லியதாகத் தூவி ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் காலடித் தடத்தை இழுத்துச் சமப்படுத்தப் பிள்ளைகளுக்கே முறை வையுங்கள்.

குழிக்கு 110 மி.மீ. வடிகால் குழாய்த் துண்டு, கிட்டத்தட்ட சரியான அளவு. 15 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். குழாயின் மேல் விளிம்பு தரைமட்டத்துக்கு இரண்டரை செ.மீ. கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் பந்து விளிம்பில் பட்டுத் துள்ளும், யாராவது காலும் இடறுவார்கள். அடியில் ஒரு கைப்பிடி ஜல்லி போடுங்கள், மழைத் தண்ணீர் இறங்க. ஆட்டம் இல்லாத நேரத்தில் மூடி வையுங்கள்.

இடத்தின் நீள அகலத்தையும் எந்தப் பக்கம் சரிவு என்பதையும் இங்கே எழுதுங்கள். நான்கு குழி எங்கெங்கே போடலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.

#19 கடைசிபெஞ்ச்

சார், வேறு பள்ளிப் பையன் புதன்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

#20 விசில்_வாத்தியார்

பன்னிரண்டு பேர் என்றுதான் எழுத்தில் இருக்கிறது தம்பி. அங்கே பேசிப் பார்க்கிறேன். பள்ளியில் ஆடும் புதன்கிழமைக்கு நீ உன் வீட்டில் சொல்லி, உங்கள் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா. குடையை வீட்டில் வைத்துவிட்டு வா.

புல்தரை, நாளை காலை நாடாவோடு போய் அளந்துவிட்டு எழுதுகிறேன். சரிவு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்று நினைக்கிறேன், ஒரு பந்தை உருட்டிப் பார்த்தே உறுதி செய்கிறேன்.